போகிப் புகை ஃபில்டர் ஆகாது

கடைசியாக உறுதியான செய்தி இது: உன் வலது கண்ணின் விழித்திரையில், நட்டநடுவில் விழுந்த ஓட்டை மூடவில்லை. சொன்னவர், போன தை மாதத்திலிருந்து உன்னைப் பார்த்துவரும் கிழக்குத் தாம்பரம் கண் மருத்துவர். நேற்று மாலை பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து, பேனா முனையால் இரண்டையும் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இடைவெளி. ஒரு மணல் துகள் அளவுகூட இருக்காது. "இனிமே இதுல மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்மா" என்றார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டேன். "ஏதாவது தொந்தரவு இருந்தா வாங்க" என்றார். தேதி கொடுக்கவில்லை. இத்தனை வருடம் புறநகர்ச் செய்தி எழுதியவளுக்கு, பொறுப்பில் இருப்பவர் அடுத்த தேதி கொடுக்காவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் அதைச் சொன்னபோது நீ அறையில் இல்லை. சொட்டு மருந்தில் இரண்டு கண்ணின் பாவையும் விரிந்து, எழுத்து எதுவும் தெரியாமல், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன் மனைவி யமுனா போனைப் பார்த்து உனக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தபோது காதில் விழுந்தது. "கொழும்பு இருக்கு. அப்புறம் மதுரை. அப்புறம் சிங்கப்பூர், ஆனா அது கொஞ்சம் லேட்." "கொழும்பு எத்தனை மணின்னு மறுபடி சொல்லு" என்று நீ கேட்டாய். புதன்கிழமை காலை மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள். புதன்கிழமை போகி. இது இரண்டாவது உறுதியான செய்தி. இதற்கு ஆதாரம் என் காதுகள். ஆட்டோவில் வரும்போது யமுனாவும் உறுதிப்படுத்தினாள். "ட்ரைபாடை எடுத்துத் துடைச்சு வெச்சிருக்காரு அத்தை. நான் சொன்னா கேட்க மாட்டேங்கறாரு. நீங்க சொல்லுங்க."

சொல்கிறேன். நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பள்ளிக்கரணையிலும் உன்னைப் போலக் கேமராவோடு மொட்டை மாடி ஏறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். போகியன்று அவர்களும் ஏறுவார்கள். உன் பெயரைப் போடவில்லை, மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். உன் பிழைப்பு கல்யாணங்களை நம்பி இருக்கிறது. ஒரு கண்ணில் நடுப்பார்வை இல்லாத போட்டோகிராபர் என்று தெரிந்தால் யாரும் அட்வான்ஸ் தர மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

உன்னை அறியாதவர்களுக்காக, நீ என்ன செய்கிறாய் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் இல்லாத நாட்களில் நீ சூரியனைப் படம் எடுக்கிறாய். வெறும் சூரியனை அல்ல. சூரிய வட்டத்துக்குள் விமானம் புகுந்து வெளியேறும் அந்த ஒரு நொடியை. நம் சிட்லபாக்கம் வீட்டு மொட்டை மாடி அதற்குத் தோதான இடம் என்று கல்லூரியில் படிக்கும்போதே கண்டுபிடித்தாய். மார்கழி, தை மாதங்களில் மீனம்பாக்கத்தில் கிழக்கே பார்த்துக் கிளம்புகிற விமானம், ஏறிக்கொண்டே வலது பக்கம் திரும்பித் தெற்கே போகும். அந்த வளைவில் அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேலே வரும்போது, நம் மாடியிலிருந்து பார்த்தால் அதன் பின்னால் காலைச் சூரியன் இருக்கும். எப்போதாவதுதான் அமையும். அமைகிற அன்றைக்கும் கண் சிமிட்டினால் போய்விடும். இத்தனை வருடத்தில் உனக்குச் சரியாகக் கிடைத்த படங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று நம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வட்டமும் சிலுவையுமாக இருக்கும் அதைப் பார்த்து, முதல் தடவை வீட்டுக்கு வந்த யமுனாவின் அம்மா, "நீங்க வேதக்காரங்களா?" என்று என்னைத் தனியே கேட்டார்.

இந்த வேலையை நீ தனியாகச் செய்வதில்லை. செய்யவும் முடியாது. வெயிலை வடிகட்டும் ஃபில்டர் போட்ட லென்ஸில் சூரியன் மட்டும்தான் தெரியும், சுற்றிலும் இருட்டு. விமானம் எந்தப் பக்கம் வருகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேமராவுக்குப் பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று ஒருவர் சொல்ல வேண்டும். உன் அப்பா இருந்தவரை அவர் சொன்னார். அவர் போன பிறகு நான் சொன்னேன். இடது உள்ளங்கையை நீட்டிச் சூரியனை மறைத்துக்கொண்டு, அதற்கு இடப்பக்கம் வானத்தைப் பார்த்தபடி நிற்பேன். புள்ளி தெரிந்ததும் "கிளம்பிடுச்சு" என்பேன். நெருங்க நெருங்க "வருது, வருது" என்பேன். கைக்குப் பின்னால் மறைகிற கணத்தில் "இப்போ". நீ அழுத்துவாய். ஓய்வு பெற்றபின் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

சூரியன் ஒரு கேமராவை என்ன செய்யும் என்பதை நீ ஆரம்பத்திலேயே கற்றுக்கொண்டாய். உன் முதல் கேமராவை ட்ரைபாடில் வைத்து, கோயில் கோபுரத்துக்குக் குறி பார்த்துவிட்டு, நான் கூப்பிட்டேன் என்று இட்லி தின்னக் கீழே வந்தாய். லென்ஸை மூடவில்லை. நாம் சட்னியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சூரியன் நகர்ந்து கோபுரத்துக்கு மேலே வந்து லென்ஸுக்குள் இறங்கியிருந்தது. மேலே போனபோது பிளாஸ்டிக் கருகிய வாடை. அன்றைக்கு அந்தக் கேமராவில் உள்ளே இருக்கும் கண்ணாடியைத் தூக்கி, பின்பக்கத் திரையில் பார்க்கும்படி வைத்திருந்தாய். அதனால் வெயில் நேராக உள்ளே போய், ஷட்டரில் நல்ல மிளகு அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் உன்னைத் திட்டினேன், உன் அப்பா என்னைத் திட்டினார். பொருளின் அருமை தெரியாதவன் என்று நான் சொன்னதை நீ மறக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு உன்னைப் போல் ஜாக்கிரதையானவனை நான் பார்த்ததில்லை. வெள்ளித்தாள் போலப் பளபளக்கும் சூரிய ஃபில்டர் தாளை வாங்கி, அட்டையில் வளையம் செய்து, லென்ஸின் முன்வாயில் தொப்பி போல மாட்டினாய். முன்பக்கம்தான், கண் வைக்கிற பக்கம் கூடவே கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தாய். லென்ஸ் வெயிலை எல்லாம் ஒரு புள்ளிக்குக் கூட்டிய பிறகு நடுவில் எதை வைத்தாலும் அது வெடித்துவிடும் என்றாய். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் தாளைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பார்ப்பாய். காற்றில் கழன்றுவிடாமல் நாலு பக்கமும் டேப் ஒட்டுவாய். விமானத்துக்கும் விமானத்துக்கும் நடுவே லென்ஸை மூடி, கேமராவின் தலையில் ஈரமில்லாத வெள்ளைத் துண்டைப் போர்த்துவாய். சூரியனைக் குறி பார்க்க நீ வானத்தைப் பார்ப்பதே இல்லை. பின்னால் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் விழும் லென்ஸின் நிழலைப் பார்ப்பாய். நீளமாக விழுகிற நிழல் சுருங்கிச் சுருங்கி வெறும் வட்டமானால், லென்ஸ் சூரியனை நேராகப் பார்க்கிறது என்று கணக்கு. எக்ஸ்ரே ஃபிலிமைக் காட்டி, "இதுல பார்க்கலாமா தம்பி?" என்று கேட்ட வாட்ச்மேன் ஏழுமலையை நீ விரட்டினாய். கூலிங் கிளாஸும் ஆகாது, எக்ஸ்ரேயும் ஆகாது, வெளிச்சம் குறைந்தாலும் சூடு குறையாது என்று அவருக்கு அரைமணி நேரம் விளக்கினாய். இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், உனக்குத் தெரியாமல் இது நடக்கவில்லை என்பதுதான். தெரியாமல் நடந்திருந்தால் நான் யாரையாவது குற்றம் சொல்லித் தூங்கியிருப்பேன்.

போன போகியன்று நடந்ததை நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். விடிவதற்கு முன்பே தெருவில் எரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கீழ் வீட்டுச் சம்பந்தம் சார் வாசலில் பழைய பாய்களை எரித்துக்கொண்டிருந்தார். "சார், டயர் ஏதும் போடலையே?" என்று பால்கனியிலிருந்து கேட்டேன். "ஏன் மேடம், ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் பேப்பர்ல போடப் போறீங்களா? இது சுத்தமான கோரைப் பாய். டயர் வேணும்னா எதிர் வீட்டுல கேளுங்க" என்றார். எதிர் வீட்டில் டயர்தான் எரிந்தது. பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டு போனார்கள். ஏரிக்கரை மரங்கள் தெரியவில்லை. போகிப் புகைமூட்டம், விமானங்கள் தாமதம் என்று வருடாவருடம் நான் எழுதி அனுப்பிய செய்திதான். ஓடுபாதையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று விமான நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுவேன். அந்தப் புகைக்குள்ளிருந்து பார்க்கிறவனின் கண்ணைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அது செய்தியாக எனக்குத் தோன்றியதும் இல்லை.

சூரியன் வந்தபோது, பார்க்கவே ஆச்சரியமாகத்தான் இருந்தது. கதிர் கிடையாது, கூச்சம் கிடையாது. தேய்த்து வைத்த செப்புத் தட்டு மாதிரி புகைக்குள் தொங்கியது. மோட்டார் போட மாடிக்கு வந்த ஏழுமலை, "இன்னாம்மா இது, சூரியன் அப்பளம் மாரி கீது. சும்மாவே பாக்கலாம் போல" என்றார். நானும் பார்த்தேன். நீயும் பார்த்தாய். உன் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது. இந்தச் சூரியனுக்குள் ஒரு விமானம் வந்தால் அந்த மாதிரிப் படம் யாரிடமும் இருக்காது என்றாய். ஃபில்டரோடு பார்த்தாய், வெறும் கறுப்பு. "ஃபில்டர் போட்டா ஒண்ணுமே வரலம்மா. புகையே ஃபில்டர்தானே" என்று அதைக் கழற்றி அதன் டப்பாவில் பத்திரமாக வைத்தாய்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். கண்ணை வைத்துப் பார்க்காமல் பின்பக்கத் திரையில் பார்க்கலாமே என்றேன். அதற்கு நீ சொன்ன பதிலை இந்த ஓராண்டாக நான் எனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். "வேணாம்மா. திரையில பார்த்தா கண்ணாடி தூக்கியே இருக்கும், சென்சார் முழு நேரமும் வெயில்ல கிடக்கும். திடீர்னு புகை விலகினா சென்சார் போயிடும். கண்ணாடி கீழ இருந்தா கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது." உண்மை. உன் கேமரா பழைய மாதிரி. உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடி கீழே இருக்கும்வரை, லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம், படம் பதிகிற சென்சாருக்குப் போகாது. அதை மேலே திருப்பி, கண் வைக்கிற வ்யூஃபைண்டருக்கு அனுப்பிவிடும். கேமராவைக் காப்பாற்ற நீ தேர்ந்தெடுத்த வழி, வெயிலை முழுதாக உன் கண்ணுக்கு அனுப்பும் வழி. அதைச் சொல்லும்போது உனக்கும் உறைக்கவில்லை, கேட்கும்போது எனக்கும் உறைக்கவில்லை. ஷட்டரில் விழுந்த மிளகு ஓட்டைதான் நம் இருவர் மனதிலும் இருந்தது.

விமானம் வரவில்லை. புகையால் எல்லாமே தாமதம். நான் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாய். "கொழும்பு கிளம்பிடுச்சா?" "இன்னும் இல்ல." "மதுரை?" "அதுவும் இல்லடா. வந்து காபி குடி." "நகர்ந்தா ஃப்ரேம் போயிடும்மா." புகை சட்டென்று விலகியிருந்தால் நீ கண்ணை எடுத்திருப்பாய். அது கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் கரைந்தது. கடல் காற்று வந்துகொண்டிருந்தது. தெருவில் பாயும் எரிந்து முடிந்துகொண்டிருந்தது. செப்புத் தட்டு பித்தளையாகி, பித்தளை வெளுத்துக்கொண்டு வந்தது. விழித்திரைக்கு வலி தெரியாது என்று பிறகு டாக்டர் சொன்னார். சிகரெட் நெருப்பு பட்டால் கையை இழுத்துக்கொள்கிறோம்; அந்த இடத்துக்கு இழுத்துக்கொள்ளத் தெரியாது. கொழும்பு விமானம் ஒருவழியாகக் கிளம்பி, வளைந்து, வந்தது. நான் "வருது, வருது" என்றேன். "இப்போ" என்றேன். நீ அழுத்தினாய். படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தபோது எல்லாம் வெள்ளை. புகைச் சூரியனுக்கு ஏற்றபடி வைத்திருந்த வெளிச்ச அளவில் தெளிந்த சூரியனை எடுத்ததால் விமானம் சுவடில்லாமல் கரைந்துபோயிருந்தது. ஒரு படம்கூட இல்லை. நீ சிரித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாய்.

தை முதல் முகூர்த்தத்தில் பம்மலில் ஒரு கல்யாணம். பெண்ணின் முகத்தை வ்யூஃபைண்டரில் பார்த்தால், மூக்கும் உதடும் இருக்க வேண்டிய இடத்தில் விரலால் தேய்த்த மாதிரி ஒரு கறை. நீ கேமராவைத்தான் சந்தேகப்பட்டாய். வேறு யாராயிருந்தாலும் முதலில் கண்ணைக் கசக்கியிருப்பார்கள். நீ லென்ஸைத் துடைத்தாய். ஊதுகுழலால் ஊதினாய். வீட்டுக்கு வந்து எல்லா லென்ஸையும் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, துணியும் திரவமுமாக உட்கார்ந்திருந்தாய். படங்களில் கறை இல்லை, பார்க்கும்போது மட்டும் இருக்கிறது என்றாய். போகியன்று உள்ளே ஏதோ கருகிவிட்டது என்று நீ பயந்தாய். அடுத்த நாளே மவுண்ட் ரோட்டில் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாய். அங்கே நடந்ததை அன்று மாலை நீயே சொன்னாய். கடைக்காரர் கேமராவைத் திறந்து பார்த்துவிட்டு, "சென்சார் க்ளீனா இருக்கு சார். ஷட்டர் சூப்பர். நல்லா பாத்துக்கிறீங்க" என்றாராம். "நடுவுல கறை இருக்கே" என்றாயாம். அவர் கண்ணை வைத்துப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்று, அலமாரியிலிருந்து பிரிக்காத புதுக் கேமரா ஒன்றை எடுத்து உன் கையில் கொடுத்தாராம். அதிலும் அதே இடத்தில் அதே கறை இருந்தது.

வீட்டுக்கு வந்து என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாய். உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாய். "அம்மா, உன் முகம் இல்ல" என்றாய். "காது தெரியுது. நெத்தி தெரியுது. நடுவுல இல்ல." தலையை அப்படியும் இப்படியும் திருப்பி என்னைத் தேடினாய். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் உனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று ஏனோ தோன்றியது.

ஆவணியில் இதே டாக்டர் என் கண்புரையை எடுத்தார். மேஜையில் படுத்ததும் தெரியவில்லை, எழுந்ததும் தெரியவில்லை. மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தார். மறுநாள் கட்டைப் பிரித்ததும், எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரில் ராகுகாலம் எமகண்டம் வரைக்கும் படித்தேன். எனக்குக் கிடைத்த அந்தப் பார்வையை என்னால் சந்தோஷமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. வெட்கத்தை விட்டு டாக்டரிடம் கேட்டேன், எனக்குச் செய்த மாதிரி அவனுக்கு ஏதாவது மாற்றி வைக்க முடியாதா, என்னுடையதையே எடுத்து வைக்க முடியாதா என்று. "உங்களுக்குப் போனது முன்னால இருக்கிற லென்ஸ்மா. அதுக்கு மாத்து இருக்கு. அவருக்குப் போனது பின்னால இருக்கிற திரை. அதுக்கு இல்ல" என்றார். உன் கேமராவின் ஷட்டருக்கு மாற்று இருந்தது. சென்சார் கருகியிருந்தால் அதற்கும் மாற்று கிடைத்திருக்கும். ஒன்றும் ஆகாமல் அந்தக் கேமரா இப்போதும் உன் அலமாரியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் ஆத்திரத்தை ஒரு ஜடப்பொருள் மேல் வைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே வைக்கிறேன்.

முதல் சில மாதங்களில் தானாகச் சரியாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பலருக்குச் சரியாகிறதாம். கறை சிறிதாகிறதா என்று அறிய, டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட தாளை நானும் தினமும் காலையில் உன்னைப் பார்க்கச் சொன்னேன். பங்குனியில் "கொஞ்சம் தேவலைம்மா" என்றாய். அது எனக்காகச் சொன்ன பொய் என்று ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. நீ இடது கண்ணால் படம் எடுக்கப் பழகிவிட்டாய். மூக்கு கேமராவின் முதுகில் அழுந்தி, கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது சிவந்து கிடக்கிறது. டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு தடவையாவது வெளியே ஊற்றுகிறாய். இதெல்லாம் பழகிவிடும் என்கிறாய். பழகிவிட்டது என்பதுதான் என்னைக் கொல்கிறது.

சித்திரையிலிருந்து உன்னிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், சூரியனை விட்டுவிடு என்று. ஒரே ஒரு தடவை நீ முழுப் பதிலாகச் சொன்னாய். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, இதே மாடியில், துணி காயப்போடும் கொடியைப் பிடித்துக்கொண்டு. "ஒரு படம்கூட இல்லாம கண்ணு போச்சுன்னு இருக்கக் கூடாதும்மா. அந்தப் படம் இருந்தா, சரி, இதுக்காகப் போச்சுன்னு சொல்லிக்குவேன். இப்போ எதுக்காகப் போச்சு?" என் தொழிலில் நான் நூறு பேரிடம் எதிர்க்கேள்வி கேட்டிருக்கிறேன். அன்றைக்கு உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். இருக்கிற ஒரு கண்ணையும் அதற்கு வைக்கப் போகிறாயா என்று இப்போது கேட்கிறேன். எழுத்தில்தான் கேட்க முடிகிறது.

மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "பரவால்லம்மா, பள்ளிக்கரணை ரேடியல் ரோட்டுல நிப்பேன். ப்ளேன் சதுப்பு நிலத்துக்கு நேராவே வரும்" என்றாய். செய்வாய். ரோட்டோரத்தில் லாரிகளுக்கு நடுவே தனியாக நிற்பாய். "வருது" என்று சொல்ல ஆள் இருக்காது. வலது கண்ணால் விமானத்தைத் திரும்பிப் பார்த்தால் அது மறைந்துவிடும். அதனால் இடது கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்து, அது எப்போது வரும் என்று தெரியாமல், கண்ணை எடுக்காமல் காத்திருப்பாய். புகை கரைவது உனக்குத் தெரியாது. நான் வந்தால் உனக்கு உதவி செய்தவள் ஆவேன். வராவிட்டால் உன்னை அந்த ரோட்டில் தனியாக விட்டவள் ஆவேன். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று நேற்று மாலையிலிருந்து யோசிக்கிறேன். இல்லை.

அதனால் வருகிறேன். மாடியைத் திறந்து வைக்கிறேன். புகைக்கு ஃபில்டர் போட்டால் ஒன்றும் வராது என்பாய், தெரியும். அந்த வாதத்தில் உன்னை ஜெயிக்க எனக்குச் சக்தி இல்லை. ஃபில்டர் இல்லாமல்தான் எடுப்பாய் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். கண்ணாடியைத் தூக்கிவிடு. பின்பக்கத் திரையில் பார். திரையில் தெரிவது சூரியனின் படம்தான், அதனால் கண்ணைச் சுட முடியாது. திரையில் வருவதற்குள் விமானம் போய்விடும், அது தாமதமாகக் காட்டும் என்பாய். நான் முன்கூட்டியே சொல்கிறேன், நீ திரையை நம்பாமல் என் குரலை நம்பி அழுத்து. சென்சார் கருகிவிடும் என்பாய். கருகட்டும். ஷட்டர் ஓட்டையாகட்டும், உள்ளே இருக்கிற எல்லாம் உருகி வழியட்டும். பொருளின் அருமை தெரியாதவன் என்று உன்னைச் சொன்ன அதே வாயால் கேட்கிறேன், இந்த ஒரு காலையில் அந்தப் பொருளைக் காப்பாற்றாதே. இதுவரை அதற்குக் காட்டிய அக்கறை எதையும் அன்றைக்குக் காட்டாதே. அதற்காக நீ ஏற்கெனவே ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டாய்.

நாளை தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும்போது எலக்ட்ரிக் கடையில் கறுப்பு டேப் வாங்கப் போகிறேன். புதன்கிழமை நீ ட்ரைபாடை நிறுத்தியதும், கண் வைக்கிற அந்தச் சின்னச் சதுரத்தின் மேல் இரண்டு சுற்று நானே ஒட்டுவேன். அது ஒட்டியிருந்தால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், பழையபடி சொல்வேன். அதை நீ பிரித்தாய் என்றால், கொழும்பு விமானம் சூரியனின் நட்டநடுவில் வந்து நின்றாலும் என் வாய் திறக்காது.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் சம்பந்தம் சார் வீட்டு வாசலில் பாய்களைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். எதிர் வீட்டில் டயர் வந்து இறங்கிவிட்டது. யமுனாவிடம் கேட்டேன், நீ ஃபில்டர் டப்பாவைப் பையில் வைக்கவில்லை என்கிறாள். டேப்புக்குச் சம்மதமா என்று மத்தியானம் உனக்குப் போனில் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது. பதில் இல்லை. புதன்கிழமை காலை, சூரியன் பள்ளிக்கரணைக்கு மேலே வருவதற்குள் தெரிந்துவிடும்.